முயல் கீழே இறங்கக் கற்ற மாதம்

ஹேவ்லாக் தீவிலிருந்து கப்பலில் திரும்பிய அன்று, துறைமுக ஜெட்டியின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து என் கணவர் வலது காலை முறித்துக்கொண்டார். தொடை வரை மாவுக்கட்டு. கட்டுப் பிரிக்கும்வரை படி ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரோத்ராபூரில் எங்கள் வீட்டின் மேல்தளத்தில் இருப்பது தகரக் கூரை போட்ட ஒரே அறை. அதுதான் எங்கள் படுக்கையறை. கட்டிலைக் கீழே கூடத்தில் போட்டோம். நானும் அங்கேயே பாய் விரித்துக்கொண்டேன். மாடியில் தனியாக இருந்தது முயல் மட்டும்தான்.

ரங்கத்துக்கு மாற்றலாகிப் போன என் அலுவலகத் தோழி விட்டுச் சென்ற முயல் அது. அட்டைப்பெட்டியில் மாடிக்கு வந்தது. மூன்று வருடமாக அங்கேயே ஓடியாடி இருந்தது. கணவர் செய்தித்தாள் படித்தால் அவர் காலடியில் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

தனியாக இருக்க ஆரம்பித்த நான்காம் நாள், வைத்த புல் பாதி அப்படியே கிடந்தது. புழுக்கைகள் மிளகைவிடச் சின்னதாகிவிட்டிருந்தன. பதினோரு மணிக்கே தகரம் கொதித்தது. கீழே கொண்டுபோய்விடலாம் என்று முயலைக் குழந்தையைப் போல் மல்லாக்கத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினேன்.

நடுப்படியில் அது பின்னங்கால்களால் ஓங்கி உதைத்தது. என் மணிக்கட்டைக் கீறிவிட்டு, கையிலிருந்து துள்ளி நாலு படி கீழே விழுந்தது. வழுவழுப்பான டைல்ஸில் கால் பரப்பிச் சறுக்கி எழுந்து, வந்த வழியே மேலே ஓடி, முன்பு கட்டில் கிடந்த மூலையில் ஒடுங்கியது.

"என்ன சத்தம்?" என்று கீழிருந்து கணவர் கேட்டார்.

"ஒண்ணுமில்லங்க. வாளி விழுந்திருச்சு."

நல்ல வேளை, அடி எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை புல்லோடு போன என்னைப் பார்த்ததும் அது தரையை டப்பென்று காலால் தட்டிவிட்டு ஒளிந்துகொண்டது. மூன்று வருடம் என் கையால் தின்ற முயல். படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு கீழே வந்து அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. "ஜெட்டியில என்னை நாலு பேர் ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போனாங்கல்ல, அப்ப எனக்கும் குதிச்சுடலாமான்னுதான் இருந்துச்சு. காலுக்குக் கீழ தரை இல்லாட்டி அப்படித்தான்."

"நீங்க அதை எப்படித் தூக்குவீங்க?"

"நான் எங்க தூக்கினேன்? அதுவா வரும், அதுவா போகும்."

பக்கத்து வீட்டு வங்காள அம்மாவிடம் கேட்டேன். பல வருடம் முயல் வளர்த்தவர். "உடாவோ மத் தீதி, டோக்ரி மே ஆனே தோ," என்றார். தூக்காதே, கூடைக்குள் அதுவாகவே வரட்டும் என்று. தூக்கியே ஆகவேண்டுமென்றால் ஒரு கை நெஞ்சுக்கடியில், மறுகை புட்டத்துக்கடியில், உடம்போடு அணைத்துப் பிடி. மல்லாக்க மட்டும் திருப்பாதே, உதைத்தால் முதுகே முறிந்துவிடும் என்றும் சொன்னார்.

துணி போடும் பிளாஸ்டிக் கூடையைப் படுக்கை வாட்டில் வைத்து, உள்ளே கணவரின் துவைக்காத லுங்கியை விரித்தேன். அதன்மேல் கொத்தமல்லித் தழை. முதல் நாள் முயல் கிட்டவே வரவில்லை. ஆனால் எங்களுக்குப் பயம் போகும் அளவுக்குப் புல் தின்றது. மூன்றாம் நாள் தலையை மட்டும் நீட்டித் தழையை இழுத்துக்கொண்டு ஓடியது. ஐந்தாம் நாள் உள்ளேயே உட்கார்ந்து தின்றது. அதன்பின் கூடையை மெல்ல நிமிர்த்தி, ஒரு சாண் தூக்கி, இறக்கினேன். மறுநாள் அறைக்குள் ஒரு சுற்று. நாளுக்கு இரண்டு படி, அப்புறம் நாலு. அது காதை விறைத்தால் நின்றேன். இறக்கிவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பினேன்.

ஒரு ஞாயிறு காலை, கூடையை மடியில் வைத்து லுங்கியால் மூடிக்கொண்டு, உட்கார்ந்தவாக்கிலேயே ஒவ்வொரு படியாக நகர்ந்து இறங்கினேன்.

"ஆராம்ஸே வா, அவசரமே இல்ல," என்று கட்டிலிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார் கணவர். என்னிடம் சொன்னாரா, முயலிடமா, தெரியவில்லை.

கூடத்தில் கூடையைச் சாய்த்தேன். வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு வந்து, அவருடைய மாவுக்கட்டை முகர்ந்தது. பிடிக்கவில்லை போலும், கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அங்கே போட்டிருந்த புல்லை மெல்லும் சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்புறம் படிகளில் ரப்பர் விரிப்பு ஒட்டினோம். ஏறுவதை அது இரண்டே நாளில் கற்றுக்கொண்டது. இறங்கத்தான் மூன்று வாரம் ஆயிற்று. ஒவ்வொரு படியிலும் ஒரு தழை வைத்துவிட்டு, நான் கை நீட்டாமல் ஒரு படி கீழே உட்கார்ந்திருப்பேன். கட்டுப் பிரித்தபின் கணவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடி ஏறினார். ஆனால் கட்டிலை நாங்கள் மேலே கொண்டுபோகவில்லை. வெயில் ஏறினால் முயல் இப்போது தானாகவே இறங்கி வந்துவிடுகிறது.