அத்தாயி அடித்த மருந்து

எங்கள் அண்ணி அத்தாயிக்கு வாய் நீளம். அவள் முகத்துக்கு நேராகவே இதைச் சொல்வேன். 2001இல் அந்த வாயால்தான் மாட்டிக்கொண்டாள்.

மலையில் எங்கள் ஊர்ப்பகுதியான திண்ணனூர் நாட்டில், வீட்டுக்கு மேலே ஒன்றரை ஏக்கர் மேய்ச்சல் காடு. பட்டா அண்ணன் பேரில் இருந்தாலும் ஊர் மாடெல்லாம் அதில்தான் மேயும். அண்ணன் இறந்த பிறகு அண்ணி அதை உழுது, முள்வேலி போட்டு, செண்டுமல்லி நட்டாள். கடையில் விற்கும் பூச்சி விஷம் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது என்று ஒரே பிடிவாதம். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை அரைத்துப் புளித்த மோரில் கலந்து தெளிப்பாள்.

வேலி போட்டால் மாட்டுக்குப் பழக்கம் விடுமா? தினமும் வந்து முட்டின. பக்கத்து வீட்டுச் சென்றாயன் அண்ணனிடம் மாட்டைக் கட்டச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போய், ஒருநாள் அண்ணி ஊரே கேட்கக் கத்தினாள்.

"மருந்து அடிச்சிருக்குதுங்க! மாடு உள்ள வந்து செத்துக்கித்துப் போனா என்னையக் கேக்காதீங்க!"

எங்கள் ஊரில் செடிக்குத் தெளிப்பது எதுவானாலும் மருந்துதான். மோரும் மருந்து, விஷமும் மருந்து. அவள் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் ஊர் எதை நினைத்துப் பயப்படும் என்று தெரிந்தேதான் சொன்னாள், கள்ளி!

ஆயுத பூஜைக்கு நாலு நாள் முன்பு, காடு முழுக்கப் பூத்து நின்றபோது, சென்றாயன் அண்ணனின் சினைப்பசு வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே புகுந்தது. செடிகளுக்கு நடுவே இருந்த புல்லை வயிறு முட்டத் தின்றுவிட்டது. அவர் ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். கூட்டம் கூடிவிட்டது. ஊரில் மாடு வைத்திருந்த மாணிக்கமும் இன்னும் இரண்டு பேரும் செடிகளைப் பிடுங்கி எறிய மண்வெட்டியோடு இறங்கினார்கள். அண்ணியின் பிழைப்பே அந்தப் பூதான்.

"ஐயோ, அது வெறும் மோருங்க!" என்று கதறினாள்.

"அன்னைக்கு மருந்துன்ன, இன்னைக்கு மோருங்கற?" என்றார் சென்றாயன் அண்ணன். யார் நம்புவார்கள்? நானே பாதிதான் நம்பினேன்.

அண்ணி வீட்டுக்குள் ஓடி, மிச்ச மோர் இருந்த குடத்தைத் தூக்கி வந்தாள். ஒரு சொம்பு மொண்டு, எல்லார் முன்னாலும் மடமடவென்று குடித்தாள். காரத்தில் கண்ணும் மூக்கும் ஒழுகின. மாணிக்கத்தின் மண்வெட்டிக்கு முன்னால் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"நான் சாவறனா, மாடு சாவுதான்னு இருந்து பாருங்க."

இருந்து பார்த்தோம். வெயில் உச்சிக்கு ஏறியது. அண்ணி விக்கினாள், ஏப்பம் விட்டாள், தண்ணீர் கேட்டாள். பசு படுத்து அசைபோட்டது. பிறகு மெல்ல எழுந்து மறுபடியும் புல்லைக் கடித்தது. அப்பாடா! எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டு அழுதபடியே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

சென்றாயன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இனிமேலாச்சும் மோருன்னே சொல்லு சாமி."

"மோருன்னு சொன்னா உங்க மாட்ட யாருங்க புடிச்சுக் கட்டுவாங்க?"

அவர் மாட்டைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, அரிவாளோடு முள் வெட்டப் போனார். பொழுது சாய்வதற்குள் பிய்ந்த வேலியை அவரே அடைத்துவிட்டார்.