படம் மாட்ட ஒரு சுவர்

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்வீட்டுக்குப் போக வேண்டும். வீடு பெண்ணுக்குச் சீதனம். நானும் அப்படித்தான் களுதாவளையிலிருந்து களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். பெரிய பயணம் என்று நினைத்துவிட வேண்டாம், சைக்கிளில் கால் மணி நேரம். கொண்டுபோனது ஒரு தகரப் பெட்டி. அதற்குள் நாலு சாரம், நாலு சேட், படித்த சான்றிதழ்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பழைய பேப்பரில் சுற்றிய, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படம். எங்கள் கரப்பந்தாட்டக் குழு கிண்ணத்தோடு நிற்கிற படம். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவது ஆள் நான். அப்போது தலை நிறைய முடி இருந்தது.

போன முதல் மாதமே அதை மாட்ட இடம் பார்த்தேன். முன்னறையில் வாசலுக்கு நேரே ஒரு சுவர் வெறுமையாகக் கிடந்தது. சுத்தியலும் ஆணியுமாக நான் கதிரையில் ஏறி நிற்க, மாமி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“மகன், சுவர் வெடிச்சிரும், பாத்து” என்றார்.

அவ்வளவுதான். நான் ரோசக்காரன். கதிரையிலிருந்து இறங்கினேன், சுத்தியலை எடுத்த இடத்தில் வைத்தேன், படத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு இருபத்தொன்பது வருடம் அந்த வீட்டில் சாப்பிட்டேன், தூங்கினேன், ஒரு மகளை வளர்த்தேன், மாமாவையும் மாமியையும் கடைசிவரை பார்த்தேன். ஒரு ஆணி அடிக்கவில்லை. வருடப் பிறப்புக்குக் கலண்டர் மாற்றுவதுகூட மனைவிதான்.

போன வருடம் மகளுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. வழக்கப்படி வீடு அவளுக்கு. எங்களுக்கு அதே வளவின் பின்பக்கத்தில் ஒரு சின்ன வீடு கட்டினோம். இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை. பூச்சு வேலை முடிந்த அன்றைக்கு மனைவி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்று பங்கு பிரித்தாள்.

“உள்ளுக்கு நான் பாத்துக்கிறன். விறாந்தையும் பூமரமும் உங்கட பாடு. வடிவாச் செய்யுங்க.”

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் “பாப்பம்” என்றேன். விறாந்தைச் சுவரைப் பார்த்தவுடனேயே கரப்பந்தாட்டக் குழு அதில் வந்து நின்றுவிட்டது. ஆனால் எடுத்த எடுப்பில் போய் ஆணி அடிக்க மனம் வரவில்லை. வளவு இன்னும் அவள் வீட்டாரின் வளவுதானே. முதலில் மற்றதையெல்லாம் வடிவாகச் செய்வோம், படம் கடைசியில் தானாக வந்து சேரட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படித்தான் நான் ஐடியா தேடத் தொடங்கினேன். அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வுபெற்ற இலிகிதருக்கு நேரத்துக்கா பஞ்சம்?

மனைவிக்கு ஐடியா போனில் வந்தது. கனடாவில் இருக்கிற அவளுடைய தங்கை நாளுக்குப் பத்துப் படம் அனுப்புவாள். எல்லாம் வெள்ளைச் சுவர், வெள்ளைத் திரைச்சீலை, போத்தலுக்குள் ஒரு கொப்பு. அந்த வீடுகளில் மனிதர் இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு சாரம் காயப் போட்டிருக்கிறதா, ஒரு செருப்பு கவிழ்ந்து கிடக்கிறதா? எனக்கு அது சரிவராது என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு றோட்டில் இறங்கினேன்.

காத்தான்குடியில் ஒரு வீட்டின் கேற்றுக்கு முன்னால் நின்றேன். மதிலுக்கு மேலால் கடதாசிப்பூ மூன்று நிறத்தில் கொட்டிக் கிடந்தது. அதை எப்படி வளைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேற் திறந்தது. தொப்பி போட்ட ஒருவர் நின்றார்.

“என்ன அண்ணன், ஆரையும் தேடுறீங்களா?”

களவெடுக்க வந்தவன் மாதிரி ஆகிவிட்டது எனக்கு. “இல்ல தம்பி, பூ வடிவா இரிக்கி. பாத்தன்.”

அந்த மனிதரின் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்க்க வேண்டும். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். வாளி, உடைந்த வாஷ்பேசின், டயர் என்று அகப்பட்ட எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று முளைத்து நின்றது. “கட்டாரில பதினொரு வருசம் இருந்தன். கண்ணுக்குப் பச்சையெண்டு ஒண்டுமில்ல. வந்து இறங்கின அண்டைக்கே முதல் கொப்ப நட்டன்” என்றார். தேநீர் தந்து, போகும்போது ஈரச் சாக்கில் சுற்றி ஆறு கொப்பும் தந்தார். முன்பின் தெரியாத ஒரு ஆளின் வீட்டில் அப்படிச் சந்தோசமாக ஒரு மணி நேரம் இருந்தது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

விறாந்தைத் தூணுக்கு நிறம் கிடைத்தது வாழைச்சேனையில். ஒரு மரண வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது துறைமுகப் பக்கம் போனேன். கரையில் ஏற்றி வைத்த ஒரு வள்ளத்துக்கு ஒருவர் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார். நீலம் என்றும் சொல்ல முடியாது, பச்சை என்றும் சொல்ல முடியாது. இந்த நிறத்துக்கு என்ன பெயர் என்று கேட்டேன்.

“பேர் ஒண்டுமில்ல. மிச்சம் கிடந்ததெல்லாம் ஊத்திக் கலக்கின.”

அதில் கொஞ்சம் பால்மா டின்னில் வாங்கிக்கொண்டு வந்து, கடைக்காரரை ஒரு முழுக் காலை வேளை பாடாய்ப் படுத்தி, அதே நிறத்தைக் கலக்கவைத்தேன். இரண்டு தூணுக்கும் நானே அடித்தேன். மனைவி வந்து பார்த்தாள்.

“வள்ளத்துக்குப் பூசுற நிறமெலுவா இது? மாரிக்கு வெள்ளம் வந்தா வீடு மிதக்குமோ?”

“மிதந்தா நல்லம்தானே” என்றேன். அவள் சிரித்துக்கொண்டு போனாள். மறுநாள் குசினி யன்னலுக்கும் அதே நிறத்தை அடித்துத் தரச் சொன்னாள். கனடா தோற்றுப்போன நாள் அது.

ஆனால் மட்டி விசயத்தில் நான் கெட்டேன். மண்டூருக்குப் போக குருமண்வெளியில் பாதை ஏறியிருந்தேன். பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை. அக்கரையில் ஒரு வீட்டு வாசலில் நடைவழியின் இரு கரையும் வெள்ளை வெளேரென்று மட்டி ஓடு பதித்திருந்தது. பாதை கரை தட்டும் முன்னே எனக்கு முடிவாகிவிட்டது. அடுத்த நாளே ஆற்றங்கரையில், வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம், மூன்று சாக்கு மட்டி ஓடு அள்ளி வந்து, நடைவழிக்கும் போட்டு, மிச்சத்தைக் கடதாசிப்பூ அடியிலும் விறாந்தை ஓரத்தில் நட்ட குறோட்டன் செடி அடியிலும் வட்டமாகக் கொட்டினேன். பார்க்க அவ்வளவு வடிவு. சேறும் உப்புமாகக் கொட்டியது மட்டும்தான் பிழை.

மூன்றாம் கிழமை குறோட்டன் இலையெல்லாம் ஓரம் கருகியது. காத்தான்குடிக் கொப்பில் நாலு மொட்டையாக நின்றது. நான் பூச்சி என்றேன், வெயில் என்றேன், கட்டாரில் இருந்து வந்த மனிதரின் கைராசி என்றுகூடச் சொன்னேன். மனைவி குனிந்து ஒரு மட்டி ஓட்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“கழுவினீங்களா?”

“மழை கழுவும்தானே.”

“மழை எங்க?”

களுதாவளையில் வெற்றிலைத் தோட்டத்துக்குள் பிறந்து வளர்ந்த ஒருவன் செய்கிற வேலையா இது? வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு நாள் குந்தியிருந்து ஒவ்வொரு ஓடாகப் பொறுக்கினேன். மேல்மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டு, ஓடுகளையெல்லாம் கிணற்றுத் தண்ணீரில் ஊறவைத்து அலசினேன். மனைவியும் ஒரு பலகைக்கட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து இருந்தாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. குறோட்டன் திரும்பத் துளிர்த்தது. கொப்பில் மூன்று தப்பியது.

எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது. விறாந்தைச் சுவர் மட்டும் வெறுமையாகவே கிடந்தது.

“இந்தச் சுவருக்கு என்ன செய்யப் போறீங்க?” என்று மனைவி இரண்டு மூன்று தரம் கேட்டாள்.

“ஐடியா ஒண்டும் வரல்ல” என்றேன். படம் கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் கிடந்தது. எத்தனையோ ஊர்ச் சுவரைப் பார்த்து வந்தவனுக்கு ஒரு ஆணி அடிக்கக் கை வரவில்லை. மாமி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம். ஆனாலும் கதிரையில் ஏறினால் குசினியிலிருந்து அந்தக் குரல் வரும்போல இருந்தது.

மகளின் கலியாணம் நல்லபடி நடந்தது. மருமகன் ஒரு பயணப் பையோடு பெரிய வீட்டுக்கு வந்து சேர்ந்தார். நல்ல பிள்ளை, கலகலப்பான ஆள். வந்து ஐந்தாவது நாள் காலையில் முன்பக்கம் ‘கிர்’ என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் முன்னறையில் மருமகன் கதிரையில் ஏறி நின்று, வாசலுக்கு நேரே இருக்கிற சுவரில் றில்லால் ஓட்டை போடுகிறார். கீழே மகள் ஒரு கிரிக்கெட் பற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏதோ சுற்றுப்போட்டியில் வென்ற பற்றாம், யார் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம்.

“மாமா, இதில மாட்டினா வடிவா இரிக்குமா?”

“ம்” என்றேன். அதே சுவர். நேரே பின்வீட்டுக் குசினிக்குப் போனேன். மனைவி இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

“வந்து ஒரு கிழமை ஆகல்ல. ஆரையும் கேக்கல்ல, பேசல்ல. சுவர ஓட்டையாக்கிறார் உன்ட மருமகன்.”

“ஏன், அது அவங்கட வீடுதானே.”

“நான் இருபத்தொன்பது வருசம் இருந்தன். ஒரு ஆணி அடிச்சனா?”

வாய்தவறி வந்துவிட்டது. அவள் இறாலைச் சட்டிக்குள் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அதத்தான் நானும் கேக்கிறன். ஏன் அடிக்கல்ல?”

மாமி சொன்னதைச் சொன்னேன். அத்தனை வருடத்தில் முதல் தடவையாகச் சொன்னேன். அவள் இறால் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

“அந்த இடத்தில அப்ப சாந்து பொருமிப் போய்க் கிடந்தது. அம்மா அதச் சொல்லிரிக்கிறா. மறுகா அத உடைச்சிப் பூசினதெலுவா? ஒரு முழம் தள்ளி அடிச்சிரிக்கலாமே.” இறால் கையைப் பாவாடையில் துடைத்தாள். “நீங்க படத்தப் பெட்டிக்குள்ள திரும்ப வச்சத நான் பாத்தன். அண்டைக்கிருந்து எனக்குப் பயம். கோபம் வந்தா இந்த மனிசன் பெட்டியத் தூக்கிட்டுப் போயிருவார் எண்டு. கட்டிலுக்குக் கீழ கூட்டுற நேரமெல்லாம் பெட்டி கிடக்கா எண்டு பாப்பன்.”

ஒரு ஆணியை நான் ரோசம் என்று வைத்திருக்க, இவள் அதைப் பயமாக வைத்திருந்திருக்கிறாள். முழு முட்டாள் நான்.

அன்றைக்கே மருமகனிடம் சுத்தியல் கேட்டேன். “றில் இரிக்கே மாமா” என்றார். வேண்டாம், சுத்தியல்தான் வேண்டும் என்றேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது இறங்கியது. மனைவி படத்தைத் துடைத்துத் தந்தாள். மாட்டியபின் தள்ளி நின்று பார்த்து, இடப்பக்கம் சரிந்திருக்கிறது என்றாள். இன்னும் சரிந்துதான் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து வளவுக்குள் போனால், என் தகரப் பெட்டி மட்டி ஓட்டு நடைவழிக்குப் பக்கத்தில் மூடி இல்லாமல் கிடந்தது. அடியில் தண்ணீர் வடிய மருமகனைக் கொண்டு மனைவி ஓட்டை போட்டிருந்தாள். அரைவாசிக்கு மண் நிரப்பியாகிவிட்டது. பக்கத்தில் பத்துமணிப்பூக் கொப்புகள் ஈரத் துணியில் கிடந்தன.

“இந்த ஐடியா எங்க எடுத்த? கனடாவிலயா?”

“இல்ல” என்று சொல்லி இன்னொரு கூடை மண்ணைக் கொட்டினாள். “முழுக்க நிரப்பினா இனி ஆராலயும் தூக்க ஏலா.”

நானும் குந்தியிருந்து மண்ணை அள்ளிப் போட்டேன்.