பக்கத்து வீட்டு வைக்கிங்கை வழியனுப்பியது

நியூ லின்னில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெறும்வரை பஸ் ஓட்டிய சாதாரண வெள்ளைக்காரர். பிறகு ஒருநாள் ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி மரபணுச் சோதனைக்குத் தபாலில் அனுப்பினார். அவருடைய ரத்தத்தில் கொஞ்சம் டென்மார்க் இருப்பதாகப் பதில் வந்தது. அவ்வளவுதான், அந்தப் பக்கத்துப் பழைய கடலோடிகளான வைக்கிங்குகளின் வாரிசு தான் என்று தாடியைப் பின்னிக்கொண்டார். கழுத்தில் சின்னச் சுத்தியல் தொங்கியது. ஆங்கிலத்தில் வியாழக்கிழமைக்கு இருப்பது சுத்தியல் ஏந்திய தன் இடிக்கடவுளின் பெயர்தான் என்று வேலிக்கு மேலால் எனக்கு விளக்கினார். அன்றைக்கு அவர் ஒரு வேலையும் செய்வதில்லை. மற்ற நாட்களிலும் குப்பைத் தொட்டியை வெளியே வைத்தது மனைவிதான்.

போன குளிர்காலம் ரக்பி பார்த்துக்கொண்டிருந்தவரின் இதயம் நின்றுவிட்டது. தகனம் முடிந்ததும் அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். தன்னை எரியும் படகில் வைத்துக் கடலில் விடவேண்டும் என்று மனுஷன் சொல்லிவைத்திருந்தாராம். ஆளை அப்படி அனுப்பச் சட்டம் விடாது, சாம்பலையாவது அனுப்பலாம் என்று யோசித்திருக்கிறார்.

“நீங்கள் எரிக்கிற ஆட்கள். எதைப் போட்டால் நன்றாகப் பிடிக்கும்?” என்று கேட்டார்.

என் கணவர் கணக்காளர். பார்பெக்யூ அடுப்பையே நான்தான் பற்றவைத்துக் கொடுக்க வேண்டும். ஊரில் அவருடைய தகப்பனுக்குக் கொள்ளி வைத்தது தம்பி. இவருக்கு அப்போது விசா சரிவரவில்லை. ஆனாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, கற்பூரமும் நெய்யும் என்றார், தினமும் சுடலையில் நிற்பவர் மாதிரி.

இடிக்கடவுளின் நாளில் லீவு போட்டுக்கொண்டு காலையில் கடற்கரைக்குப் போனோம். பழைய புத்தக அலுமாரிப் பலகையில் அந்த அம்மாவே படகு செய்திருந்தார். முன்பக்கம் அவர் செதுக்கிய டிராகன் தலை செம்மறி ஆட்டைப் போலவே இருந்தது. தீ வைக்கும் பொறுப்பு இறந்தவரின் தம்பிக்கு. அவர் எரியும் அம்பை எய்ய, காற்று முதலில் நெருப்பை அணைத்தது, பிறகு அம்பையும் கொண்டுபோனது. அடுத்த அம்பு அவர் காலடியிலேயே விழுந்தது. அந்த அம்மா வில்லைப் பிடுங்கி மணலில் எறிந்தார்.

என் கணவர் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். சாம்பலைச் சுற்றிக் கற்பூரத்தை அடுக்கி, நெய்யை ஊற்றி, கையால் மறைத்துப் பற்றவைத்தார். வாய்க்குள் தேவாரம் ஓடியது. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்ற எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

படகு எரிந்தபடி கொஞ்சத் தூரம் போனது. பிறகு திரும்பியது. எங்கள் கணக்காளர் கடல் வற்றும் நேரத்தையும் பெருகும் நேரத்தையும் மாற்றி வாசித்திருக்கிறார். எரியும் செம்மறித்தலை நேரே எங்களை நோக்கி வந்தது. தம்பிக்காரர் பின்வாங்கினார். என் கணவர் அந்த அம்மாவின் குடையால் படகைத் தள்ளிக்கொண்டே நின்றார்.

“போங்கோ அண்ணை, போங்கோ.”

என்ன சொல்கிறார் என்று அந்த அம்மா கேட்டார். உங்கள் கணவரைப் போகச் சொல்கிறார் என்றேன். அந்த அம்மா சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். “எப்போதும் இப்படித்தான். சாவியை மறந்துவிட்டுத் திரும்பி வருவார்” என்றார். பிறகு அழுதார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். படகு ஒருபக்கம் சாய்ந்து, சீறி, தாழ்ந்தது.

கரையேறிய என் கணவர், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் உத்தரவிட்டார். பார்க்காமலே காருக்கு நடந்தோம். வீட்டுக்குள் நுழையுமுன் கால் கழுவ வேண்டும் என்றதும் தம்பிக்காரர் தோட்டத்துக் குழாயின் ஐஸ் தண்ணீரில் முழங்கால்வரை கழுவினார்.

தேநீர் குடிக்கையில் அவர் தன் மகளுக்குப் போன் எடுத்தார். வைக்கிங் ஆட்கள் கடலைத் திரும்பிப் பார்ப்பதில்லை, குளிர்ந்த தண்ணீரில் கால் கழுவித்தான் வீட்டுக்குள் போவார்கள், ஆயிரம் வருஷத்துப் பழக்கம் என்று விளக்கினார்.

நான் என் கணவரைப் பார்த்தேன்.

“சொல்லட்டும் விடும். நல்ல பழக்கம்தானே” என்று இன்னொரு வடையை எடுத்தார்.