புரோசசர் மாற்றலாமா என்று கேட்கிறவர்கள்

கம்ப்யூட்டர் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், கோளாறு என்ன என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் ஜமால் பாய் கடையில் முன் மேசையில் உட்காருகிறவள் நான். ரிப்பேர் பாய் கையில். மெஷினை வாங்கி வைப்பதும், “இன்னும் ஆகலையா?” என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும் என் பாடு. இரண்டாம் படிவத்தோடு, பதினான்கு வயதில் பள்ளியை விட்டவள், எதற்கெடுத்தாலும் கவலைப்படுகிறவள். மேசையில் ஒரு ஸ்குரு மிச்சம் கிடந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கேமிங் கம்ப்யூட்டர் இருக்கும். தூக்கிப் போடவும் மனமில்லாமல், புதுசு வாங்கவும் துணிவில்லாமல், புரோசசரை மட்டும் மாற்றினால் ஓடுமா என்று நீங்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பீர்கள். என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, மகன் தினேஷுடையது. அவன் ஜொகூரில் வேலை பார்க்கிறான். அவன் அப்பா இறந்த பிறகு வீட்டில் நான் மட்டும்தான். “இந்தத் தீபாவளிக்கு வர்றதுக்குள்ள புரோசசர் மாத்தலாமான்னு பாய்கிட்ட கேளும்மா” என்று அவன் வாட்சாப்பில் அனுப்பிய நாளிலிருந்து, கடைக்கு யார் அந்தக் கேள்வியோடு வந்தாலும் எனக்குக் காது நீண்டுவிடும்.

வெட்டுகிறவரும் தூக்குகிறவரும்

எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் மெஷினை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். பேரப் பிள்ளைகளுக்கு என்று நினைத்தேன். இல்லை, லோரி ஓட்டுகிற கேம் ஒன்று, அவரே ஆடுவது. பெரிய டவுனுக்குள் நுழைந்தால் படம் விட்டு விட்டு நகர்கிறதாம். “பெரிய புரோசசரா போடும்மா” என்றார். பாய் கேமை ஓடவிட்டு, பக்கத்திலேயே எண்களைத் திறந்து வைத்துப் பார்த்தார். புரோசசர் மூச்சுமுட்ட வேலை செய்துகொண்டிருக்க, படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு பாதி சும்மா இருந்தது.

அதை அவருக்கு எப்படிச் சொல்வது? செம்பனைத் தோட்டத்துக் கணக்கிலேயே சொன்னேன். புரோசசர் குலை வெட்டுகிறவர், கார்டு குலையைத் தூக்கிப் போகிறவர். வெட்டுகிறவர் மெதுவாக இருந்தால் தூக்குகிறவர் மரத்தடியில் நிற்க வேண்டியதுதான். அப்போது வெட்டுகிறவரை மாற்றலாம். தூக்குகிறவர் திணறும்போது வெட்டுகிறவரை மாற்றினால் தரையில் குலை குவியுமே தவிர லோரி நிறையாது. அவர் சொன்னார்: “எங்க டிவிசன்லயும் அப்போ இதே கதைதான்மா. ஆனா வெட்டுறவன் என் மச்சான் லா, எங்க மாத்துறது?”

சாம்பிராணி

ஈஜோக் பக்கமிருந்து ஒரு அம்மா. மகன் புது புரோசசர் கேட்டு இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டே மெஷினை மேசையில் வைத்தார். முன்பக்கம் முழுக்கச் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது, துடைக்க மனம் வரவில்லையாம். பாய் மூடியைக் கழற்றியதும் கடை முழுக்கச் சாம்பிராணி வாசம். சாமி மேடைக்குக் கீழேதான் கம்ப்யூட்டர் மேசை. வெள்ளிக்கிழமைதோறும் காட்டுகிற புகையைக் காற்றாடி அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. புரோசசருக்கு மேலே தூசும் பிசினும் சேர்ந்து கம்பளி மாதிரி மூடிக் கிடந்தது. சூடு தாங்காமல் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. அவ்வளவுதான் நோய்.

பாய் தும்மிக்கொண்டே சுத்தம் செய்து, சூட்டைக் கடத்துகிற புதுப் பசை தடவி, காற்றாடியை மாட்டினார். கேம் ஓடியது. எதை மாற்றுவதற்கு முன்னாலும் ஒருமுறை திறந்து சுத்தம் செய்து பாருங்கள் என்று அன்றிலிருந்து எல்லாருக்கும் சொல்கிறேன். அந்த அம்மா மட்டும் குறைபட்டுக்கொண்டார்: “சாமிக்குக் காட்டினதை இது ஏன் குடிக்குது? சரி, இனிமே நான் தள்ளி நின்னு காட்டுறேன்.”

அன்று வீட்டுக்குப் போனதும் தினேஷின் மெஷினைத் திறந்து பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. இருக்காதா பின்னே? தினமும் துடைக்கிறேன். ஈரத்தில் கெட்டுப்போகாமல் இருக்க அவ்வப்போது ஓடவிடச் சொல்லியிருக்கிறார் பாய். ஓடவிட்டு அந்த அறையிலேயே உட்கார்ந்து காய்கறி நறுக்குவேன். காற்றாடிச் சத்தம் கேட்டால் உள்ளே யாரோ இருப்பது மாதிரி இருக்கும்.

சட்டைப் பையில் வந்த புரோசசர்

கலும்பாங்கிலிருந்து ஒரு பையன் வந்தான், செம்பனை ஆலையில் வேலை. ஆன்லைனில் வாங்கிய புரோசசர் சட்டைப் பையில் இருந்தது. “மாட்டி மட்டும் குடுங்க ஆன்டி” என்றான். பாய் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பழைய மதர்போர்டில் அது உட்காராது. அதற்குப் புது போர்டு வேண்டும். புது போர்டில் பழைய ரேம் ஏறாது. ரேமும் வாங்கினால் பழைய பெட்டிக்குள் எல்லாம் அடங்காது. அவன் சம்பளம் வாங்கும்போதெல்லாம் ஒவ்வொரு சாமானாக வந்து வாங்கிப் போனான்.

எனக்குத்தான் கவலை. பெற்றவர்கள் என்ன சொல்வார்களோ என்று கேட்டேன். எல்லாம் மாட்டி முடித்த அன்று, மெஷினைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு சொன்னான்: “இப்போ பழசுன்னு மிச்சம் இருக்கிறது நாற்காலி மட்டும்தான் ஆன்டி.”

என் வீட்டு மெஷின்

இப்போது என் கதை. தினேஷின் மெஷினில் குறை புரோசசர்தான். ஹார்ட் டிஸ்க் முன்பே மாற்றியாகிவிட்டது, கார்டும் நல்ல கார்டு. போர்டையும் தொட வேண்டாம், அதே போர்டில் உட்காரக்கூடிய பெரிய புரோசசர் ஒன்று பழையதாகக் கிடைக்கும் என்றார் பாய். கடைக்கு வருகிறவராக இருந்தால் ஒரே நிமிடத்தில் “மாத்துங்க” என்று சொல்லியிருப்பேன்.

ஆனால் எனக்கு ஒன்று தெரியும். அவன் ஆடுகிற கேம் தொடங்குவதற்கு முன், ஏதோ தயாராகிறது என்று திரையில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டே போகும். அந்தப் பழைய புரோசசருக்கு அது பெரிய வேலை. லீவுக்கு வந்திருக்கும்போதெல்லாம், அது முடிகிறவரை செய்ய ஒன்றுமில்லாமல் தினேஷ் ஒரு காதிலிருந்து ஹெட்செட்டைத் தள்ளிவிட்டு, நாற்காலியைத் திருப்பி, “அப்புறம்மா, கடையில என்ன கதை?” என்பான். நானும் கட்டிலில் உட்கார்ந்துவிடுவேன். அவன் அறைத்தோழன் குறட்டை விடுவது, சூப்பர்வைசரோடு சண்டை, அவனுக்கு இடுப்பு வலி வந்தது, எல்லாம் எனக்கு அப்படித்தான் தெரியும். ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதும் அந்தக் கோடு பாதி வந்திருந்தபோதுதான். பெயரைச் சொல்வதற்குள் கேம் வந்துவிட்டது. போனில் கேட்டால், “வந்து சொல்றேன்மா” என்கிறான்.

மாற்றாமல் விடலாம் என்றால், போன தீபாவளி கண்முன் நிற்கிறது. “இது ரொம்ப ஸ்லோ மா” என்று இரண்டாம் நாளே ரவாங்கில் கூட்டாளி வீட்டுக்குப் போனவன், பஸ் ஏறுகிற அன்று பையை எடுக்கத்தான் வந்தான். முறுக்கை நானே தின்று தீர்த்தேன். மாற்றினால் பேச்சு போகும், மாற்றாவிட்டால் ஆளே போய்விடுவான். காலையில் பாயிடம் “மாத்திடுங்க” என்பேன், மத்தியானம் “கொஞ்சம் பொறுங்க” என்பேன். இப்படியே நாள் போனது. பாய் பொறுமைசாலி. கடைசியில் அவரே சொன்னார்: “தங்கச்சி, நீ கஸ்டமரா இருந்திருந்தா இந்நேரம் உன்னை வேற கடைக்கு அனுப்பியிருப்பேன்.”

தீபாவளி

மாற்றிவிட்டேன். முகத்தைப் பார்க்க முடியாவிட்டாலும் முதுகாவது வீட்டில் இருக்கட்டும் என்று தோன்றியது.

தினேஷ் வந்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்தான், புதுச்சட்டை போட்டான், அப்பா படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டான். பிறகு மெஷினைத் தட்டினான். நான் அதிரசத் தட்டை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல் கட்டிலில் உட்கார இரண்டடி வைப்பதற்குள் கோடு ஓடி முடிந்து கேம் வந்துவிட்டது. “செம்ம மா” என்று ஹெட்செட்டை இரண்டு காதிலும் இழுத்து மாட்டிக்கொண்டான். அந்த நாட்கள் முழுக்க அவன் பேசிக்கொண்டேதான் இருந்தான், சிரித்துக்கொண்டும் இருந்தான். ஹெட்செட்டுக்குள் இருந்த கூட்டாளிகளோடு. நான் தட்டை வைப்பேன், எடுப்பேன். ஒருமுறை, “அந்தப் பொண்ணு பேரு என்னப்பா?” என்று கேட்டேன். திரும்பாமலே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அதிரசம் நன்றாக இருக்கிறதா என்று கேட்டதாக நினைத்திருப்பான்.

ஆனால் ரவாங்குக்குப் போகவில்லை. கூட்டாளி கூப்பிட்டபோதுகூட, “நீ வேணும்னா இங்க வா, எங்க வீட்டு மெஷின் இப்போ சூப்பர்” என்று சொன்னான். அது என் காதில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பஸ் நிலையத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து, மனசாரச் சொன்னான்: “பாத்தியாம்மா, இந்தத் தடவை நான் எங்கயுமே போகல, எல்லா நாளும் உன்கூடத்தான் இருந்தேன்.”

இப்போதெல்லாம் புரோசசர் மாற்ற வருகிறவர்களிடம், மெஷின் மெதுவாக இருக்கும்போது வீட்டில் யார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று முதலில் கேட்க வாய் வருகிறது, கேட்டால் பாய் கடையை மூட வேண்டியதுதான் என்பதால் வேகமாக ஓடும் என்று மட்டும் சொல்லி வாங்கி வைக்கிறேன்.