முதலாளி வந்தால் மட்டும் கிளம்பிய கோழி வண்டி

நான் ஓட்டிய கோழி வண்டிக்கு ஒரு குணம் உண்டு. வழியில் நின்றுவிட்டால் முதலாளி வந்தால்தான் மறுபடி கிளம்பும்.

காங்கேயம் பக்கத்துப் பண்ணைகளில் கறிக்கோழி ஏற்றி உக்கடத்தில் இறக்குவது என் வேலை. பழைய டீசல் வண்டி. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். பல்லடம் நெருங்கும்போது இழுவை குறையும், இரண்டு குலுக்கு குலுக்கும், நின்றுவிடும். நானும் டீசல் பில்டரை மாற்றிப் பார்த்தேன், குழாயை ஊதிப் பார்த்தேன், டயரை உதைத்தும் பார்த்தேன். கடைசியில் முதலாளிக்குப் போன் போடுவேன். பல்லடத்தில்தான் அவர் வீடு. மொபெட்டில் வந்து இறங்கி, முதல் வேலையாக டீசல் டேங்க் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து பார்ப்பார். நான் டீசலை விற்றுவிடவில்லை என்று குச்சி சாட்சி சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்ப்பார். மூடிக்குப் பூட்டு உண்டு. சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும்.

"இப்ப எடு கண்ணு" என்பார். எடுத்தால் ஓடும்.

"வண்டிக்கு ஆளு தெரியுமப்பா. நீ அதட்டறே. நான் தட்டிக் குடுக்கறேன்" என்று பானெட்டைத் தடவிவிட்டுப் போவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோழிக்கு வண்டி ஓடுகிற காற்றுதான் உயிர். வெயிலில் நின்றுவிட்டால் கூண்டுக்குள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், பிறகு ஒவ்வொன்றாகச் சாயும். போன லோடில் அப்படி நிறையச் செத்துப்போயின. "இன்னொருக்கா இப்பிடி ஆச்சுன்னா வேற டிரைவரைப் பாத்துக்குவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார் முதலாளி. எனக்கு வேலை போவது புதிதில்லை. பள்ளிக்கூடம் என்னை எட்டாவதோடு விட்டது. போர்வெல் போடும் வண்டியோடு மத்தியப் பிரதேசம் வரை போனேன், துடியலூரில் புரோட்டாவுக்கு மாவு அடித்தேன், எங்கும் நிலைக்கவில்லை. ஆனால் அப்போது இந்த வண்டியின் கேபின்தான் எனக்கு வீடு. சீட்டுக்குப் பின்னால்தான் படுக்கை, பாத்திரம் எல்லாம். வேலை போனால் வீடும் போகும்.

உக்கடத்தில் வண்டிகளின் டீசல் பம்பைப் பழுது பார்க்கும் பாயிடம் போனேன். அவர் பம்பைக் கழற்றி மிஷினில் மாட்டி ஓடவிட்டார்.

"பம்பு என்னை விட நல்லாருக்குதுப்பா. எனக்குத்தான் சுகர்."

"அப்புறம் ஏனுங் பாய் நிக்குது?"

"ஒண்ணு, டீசல் குழாயில காத்து பூந்துக்குது. இல்லீன்னா டீசல் வந்து சேரலை. ரெண்டுல எதுன்னு நின்ன எடத்துலதான் தெரியும். பில்டர் மேல இருக்கற ஸ்குரூவ லூஸ் பண்ணி, பக்கத்துல இருக்கற கைப்பம்பை அடி. நுரை வந்துச்சுன்னா காத்து. நுரையில்லாம, கைப்பம்பும் இழுக்க முடியாம இருந்துச்சுன்னா எனக்குப் போன் போடு. அதுக்கு முன்னால உங்க ஓனரை மட்டும் கிட்ட உடாத. அவரு வந்தாத்தான் வியாதி ஓடிப்போயிருதே!"

அடுத்த லோடு பண்ணையில் தாமதமாகி, வெயில் ஏறிய பிறகுதான் கிளம்பியது. முதலாளி என்னை நம்பாமல் கேபினில் கூடவே ஏறிக்கொண்டார். எதிர்பார்த்தபடியே பல்லடத்துக்கு முன்னால் டேங்க் பக்கம் 'டொப்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை முன்பும் கேட்டிருக்கிறேன், கூண்டுக் கதவு அடிக்கிறது என்று நினைத்திருந்தேன். வண்டி குலுங்கி நின்றது. அவர் சாவியை எடுத்தார்.

"சித்த பொறுங்க. மூடியத் தொடாதீங்க."

"ஏன், டீசல் கம்மியா இருக்குதா?"

"உங்க கையால இந்த ஒருக்கா எதையும் தொடாம இருங்க, அது போதும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு நேரமில்லை. பின்னால் கோழிகள் கத்தத் தொடங்கியிருந்தன. ஸ்குரூவைத் தளர்த்தினேன். டீசல் கொஞ்சம் கசிந்தது, ஒரு குமிழி கூட இல்லை. கைப்பம்பை மேலே இழுத்தால், யாரோ உள்ளேயிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி கீழே இழுத்துக்கொண்டது.

முதலாளி குனிந்து பார்த்துச் சிரித்தார். "காத்தே இல்லை பாத்தியா! எப்பிடி இருக்கும்? நாலு கெணத்து மோட்டாரு பாத்த கையி. காத்து பூந்தா மோட்டாரு தண்ணி எடுக்காதல்லொ, அதனால காத்து போற ஓட்டை ஒண்ணு உடலை. ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் நூலு சுத்தி, பசை வெச்சு அடைச்சுப்போட்டேன்."

பாய்க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நுரையில்லீங்க பாய். கைப்பம்பு புடிச்சு இழுக்குது."

"டேங்குப் பக்கம் அடைப்பு. மூடியில ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது தொறந்திருக்குதா?"

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துப் பெருமையாகவே சொன்னார்: "அது வழியாத்தானுங் பாய் காத்து பூந்துட்டு இருந்துச்சு. டயர் டியூப்ல வாஷர் வெட்டிப் போட்டு அடைச்சாச்சுங்க!"

அந்தப் பக்கம் மெல்லும் சத்தம் நின்றது. "இப்பத் தொறங்க" என்றார் பாய்.

முதலாளி பூட்டைத் திறந்து மூடியைத் திருகினார். உஸ்ஸென்று நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது. உள்வாங்கியிருந்த டேங்கின் தகடு மறுபடி 'டொப்' என்று நிமிர்ந்தது. அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஏனுங்க," என்றேன், "உங்க கெணத்து வாய ரப்பரு போட்டு இறுக்கி மூடிப்போட்டு மோட்டாரு போட்டா, தண்ணி எத்தனை நேரம் வரும்?"

கிணறுதான் அவருக்குப் புரியும் பாஷை. "தண்ணி போற எடத்துக்குக் காத்து எறங்கோணுமல்லொ..." என்று முனகிக்கொண்டே, பேனாக்கத்தியால் அந்த வாஷரை நெம்பி எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். தான் டீசல் அளக்கத் திறந்ததுதான் இத்தனை நாள் வைத்தியம் என்பது புரிந்ததும், "அப்ப என்னையப் பாத்துட்டு ஓடலியா அது?" என்றார், பெண் பார்க்கப் போய் வேண்டாமென்று கேட்டுத் திரும்பியவர் மாதிரி.

"கோழி சாகுதுங்க, ஏறுங்க."

ஓடியது. பல்லடம் தாண்டி, சூலூர் தாண்டி, ஒரு குலுக்கலும் இல்லை. கூண்டுக்குள் காற்று புகுந்து கத்தல் அடங்கியது. சிங்காநல்லூர் தாண்டியதும் முதலாளி வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"அம்மணி, சமையக்கட்டுக் குழாயில தண்ணி இன்னும் நூலாட்டந்தான் வருதா? ... பிளம்பரெல்லாம் வேண்டாம். மாடித் தொட்டி மூடிக்கடியில ரப்பரு வெச்சிருக்கறேன். அதுக்குப் பக்கத்துக் காத்துக் குழாயில துணியும் திணிச்சிருக்கறேன். ரெண்டையும் எடுத்துப்போடு... பல்லி உழுந்தா உழுகட்டும்."

நான் ரோட்டை மட்டும் பார்த்தேன். சிரித்திருந்தால் வேலை அப்போதே போயிருக்கும்.

உக்கடத்தில் கூண்டைத் திறந்தபோது ஒன்றிரண்டு மட்டுமே சாய்ந்திருந்தன. முதலாளி அவற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அரைஞாணில் முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் தடுமாறி, சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"வெச்சுக்கோ. குச்சியும் சீட்டுக்கடியிலதான் இருக்குது" என்றார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, பானெட்டை ஒருமுறை தட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறப் போனார்.