ஏழாம் எண் விண்ணப்பம்

பெயரை மறைக்க வேண்டும் என்று குழுவில் முன்மொழிந்தவன் நானே. ஊரையும் மறைக்க வேண்டும் என்று சேர்த்தவனும் நானே.

இணையத்தில் எவரும் எழுதவும் திருத்தவும் கூடிய தமிழ்க் கலைக்களஞ்சியம் ஒன்றுக்கு ஊதியமின்றி எழுதுவோர் மட்டக்களப்பில் இரண்டு நாள் கூடுவதாக இருந்தது. வடபகுதியிலிருந்து செல்வோருள் இருவருக்குப் பயண நல்கை உண்டு. அவ்விருவரைத் தெரிவு செய்யும் பொறுப்பு மூவர் கொண்ட எங்கள் குழுவினுடையது. முந்திய முறை தெரிந்த முகங்களுக்கே கொடுத்தோம் என்றொரு குறை எழுந்திருந்தது. அதில் உண்மையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் தம் ஊரைச் சொன்னால் போதும். அவருடைய சாதி, சமயம், படித்த பள்ளி, சம்பந்தம் செய்த வீடு எல்லாம் கேட்பவர் மனத்தில் தாமாகவே வந்து வரிசையில் நின்றுவிடும். இந்த நோய்க்கு மருந்து கண்டவன் என்ற பெருமிதத்தோடு அந்த விதியை எழுதினேன். பெயர், ஊர், ஊரைக் காட்டிக்கொடுக்கும் எச்சொல்லாயினும் கறுப்பு மையால் மறைக்கப்பட வேண்டும்.

மறைக்கும் வேலை குழுச் செயலாளருக்கு விழுந்தது. வங்கியொன்றில் பணிபுரியும் இளம்பெண் அவர். தெரிவில் அவருக்கு வாக்கு இல்லை. ஒரு மாலை விண்ணப்பங்களைச் சரவணையிலுள்ள என் வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ஐயா, ஏழாம் நம்பரில ஒரு வரியையும் மறைச்சுப்போட்டன். அதை வாசிச்சா எவடத்து ஆள் எண்டு தெரிஞ்சுபோம். ஆனா மறைச்சா, ஏன் ரெண்டு இரவு கூடத் தங்கக் கேக்கினம் எண்டு விளங்காது. என்ன செய்ய?"

"மறைத்ததை மறைத்தபடியே விடும், பிள்ளை. ஒருவருக்காக நெகிழ்த்தினால் அது விதியாகாது" என்றேன்.

"ஆளிட்டை ஒருக்காக் கேட்டுப் பாப்பமோ?"

"கேட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிடுமே."

அவர் விடைபெற்றுப் போனார். நான் வென்றுவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

ஏழாம் எண்ணுக்குரியவர் கிணறுகளைப் பற்றியும் மாட்டுப் பட்டிகளைப் பற்றியும் கட்டுரைகள் எழுதியிருந்தார். தலைப்புகளில் பாதி கறுப்பாக இருந்தது. எஞ்சியதிலிருந்தே உழைப்புத் தெரிந்தது. ஆயினும் மேலதிகமாக இரண்டு இரவுத் தங்கல் என்ற வேண்டுகோளில் என் கண் நிலைத்தது. புள்ளிகளைக் குறைத்தேன். குறைத்ததோடு நில்லாமல், குறிப்புக் கட்டத்தில் இவ்வாறு எழுதினேன்: "இருநாள் மாநாட்டுக்கு மேலும் ஈரிரவுத் தங்கல் வேண்டும் இவர், தொண்டினும் இளைப்பாறலையே பெரிதும் நாடுகின்றார்." எழுதிய பின் அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்தேன். ஓசை நன்றாக இருந்தது. மற்றிருவரும் என் புள்ளியை ஒட்டியே தம் புள்ளியை இட்டனர். ஒளிவுமறைவு கூடாதென்பதற்காகக் குறிப்புகளை விண்ணப்பித்தவர்களுக்கே அனுப்பிவைக்கும் வழக்கத்தையும் நானே ஏற்படுத்தியிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போய் அம்மனைத் தரிசித்துவிட்டுத் திரும்பினேன். தீவுப் படகுகள் வந்துபோகும் குறிகட்டுவான் துறையில் பேருந்து புறப்படுவதற்கு நேரம் இருந்தது. காற்று மிகுந்த நாள். குறுகிய நயினாதீவுக் கடலில் படகு ஓடியது. தொலைவிலுள்ள நெடுந்தீவுக்கான படகை நிறுத்திவிட்டிருந்தார்கள். அத்தீவுக்குப் போக வந்தவர்கள் துறைக் கொட்டகையில் மூட்டைகளோடு முடங்கியிருந்தனர். சீமெந்துப் பையொன்றின்மேல் அமர்ந்திருந்த இளைஞர் எதிரிலிருந்த பெண்ணைக் கேட்டார்:

"என்ன அக்கா, இண்டைக்கும் இளைப்பாறலோ?"

"ஓம் தம்பி, ரெண்டாம் நாள். அங்க மாடு கறக்க ஆளில்லாமக் கத்துது. நான் இஞ்ச இருந்து இளைப்பாறுறன்."

இளைஞர் எழுந்து நின்று, கோயிலில் புராணம் படிப்பவரைப் போலக் குரலை இழுத்தார்: "தொண்டினும் இளைப்பாறலையே பெரிதும் நாடுகின்றாஆர்!"

கொட்டகை முழுவதும் சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தார். பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த முதியவள் மட்டும் சிரிக்கவில்லை.

"ஆரடி பிள்ளை உப்பிடி எழுதினது?"

"ஆரோ படிச்ச ஆக்கள், மாமி."

"படிச்சவை படகு ஏறாயினம் போல."

என் வாக்கியம் ஓரெழுத்தும் பிசகாமல் அங்கே உலவிக்கொண்டிருந்தது. நான் எழுந்து போயிருக்கலாம். போகாமல், ஒன்றும் அறியாதவனைப் போல அப்பெண்ணிடம் என்ன செய்தி என்று வினவினேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"மட்டக்களப்பில ஒரு கூட்டம், ஐயா. போக உதவி கேட்டனான். காலமைப் படகில வந்து அண்டைக்கே மட்டக்களப்புக்குப் போய்ச் சேரேலாது. திரும்பி வரேக்கையும் யாழ்ப்பாணம் வந்து சேர, படகு போயிடும். அதுதான் போகேக்க ஒரு இரவு, வரேக்க ஒரு இரவு எண்டு எழுதினனான். வடிவாத்தான் எழுதினனான். அவைக்கு விளங்கேல்லை." மூட்டையைக் காலருகே இழுத்துவைத்துவிட்டு, "மூண்டு வருசமா எழுதுறன். கூட எழுதிற ஒருத்தரையும் நான் கண்ணால கண்டதில்லை. அதுக்காகத்தான் கேட்டனான்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் எவடம், ஐயா?" என்றார்.

"சரவணை."

"உங்களுக்கென்ன, வாசலில பஸ்."

அதில் குத்தல் இல்லை. நானும் தீவானே. ஆயினும் யாழ்ப்பாணத்துக்குத் தரை வழி உள்ள தீவில் பிறந்தவன். கடலைப் பார்த்திருக்கிறேனே தவிர, அதன் விருப்பத்துக்குக் காத்திருந்தவனல்லன். எழுதியவன் நான்தான் என்று சொல்ல அப்போது ஒரு மூச்சு நேரமே தேவைப்பட்டது. பேருந்து சத்தமிட்டது. ஏறிவிட்டேன்.

மறுநாள் குழுவை வீட்டுக்கு அழைத்தேன். செயலாளர் மறைக்காத மூலப்படியைக் கொண்டுவந்தார். படகு காலையில் மட்டுமே என்பதும், காற்று நாளில் அதுவும் இல்லை என்பதும் தெளிந்த கையெழுத்தில் இருந்தன. "நான் அண்டைக்கே கேட்டனான், ஐயா" என்றார் அவர், மெதுவாக. மீண்டும் புள்ளியிட்டோம். ஏழாம் எண் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் தெரிவான இருவருக்கும் முன்பே அறிவித்தாயிற்று. பறிப்பது இரண்டாம் தவறாகும். குழுத் தலைவன் என்ற முறையில் எனக்கென ஒதுக்கிய பயணத்தை அவருக்கு மாற்றச் சொன்னேன். மற்றவர்கள் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நான் மறுக்கவில்லை என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

செயலாளர் அங்கிருந்தபடியே, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி, அப்பெண்ணைத் தொலைபேசியில் அழைத்துச் செய்தியைச் சொன்னார். மறுமுனையிலிருந்து கேள்வி வந்தது:

"எனக்கு இரக்கப்பட்டுத் தாறியளோ?"

"இல்லை அக்கா. திரும்பவும் மார்க்ஸ் போட்டது. நீங்கள்தான் முதல். ரெண்டு இரவும் உண்டு."

"அப்ப வாறன்." பிறகு கேட்டார்: "தங்கச்சி, அந்த வசனம் எழுதினது ஆர்?"

செயலாளர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று.

"அது... எல்லாரும் சேர்ந்து எழுதினது, அக்கா."

வாழ்நாள் முழுவதும் ஆசிரியனாக நின்று, பொய் சொல்லாதே என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த நான், தன்னை நம்பிய ஒருவரின் வாயால் பொய்யைச் சொல்ல வைத்தேன். அவர் தொலைபேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தேநீரைக் குடிக்காமலேயே புறப்பட்டுப் போனார்.

அப்பெண் மட்டக்களப்புக்குப் போய்வந்துவிட்டார். நான் ஏன் போகவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் உடல்நலம் சரியில்லை என்று சொன்னேன். திரும்பும் வழியில் அவர் யாழ்ப்பாணத்தில் தங்கிய இரவில் செயலாளரைச் சந்தித்து, அதே கேள்வியை மறுபடியும் கேட்டாராம். "ஐயா, இனி என்னால ஏலாது. நீங்கள்தான் சொல்லவேணும்" என்று செயலாளர் அப்பெண்ணின் தொலைபேசி இலக்கத்தை எனக்கு அனுப்பியிருக்கிறார். இன்று வரை நான் அழைக்கவில்லை.