டயலர் சரி

1. வயரைக் கழற்றும் வழக்கம்

வண்ணார்பேட்டையில் வீடுகளுக்கு அலாரம் மாட்டிப் பராமரிக்கும் ஒரு சின்னக் கம்பெனி. நான் அங்கே சர்வீஸ் மெக்கானிக்காக இருந்தேன். இன்றைக்கு இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லாவற்றையும் செல்போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். தொண்ணூறுகளில் எங்களுக்கு இருந்தது ஆட்டோ டயலர். சுவரில் ஒரு பெட்டி, டெலிபோன் லைனில் கோத்திருக்கும். பட்டனை அழுத்தினால் அதுவே எங்கள் ஆபீஸுக்கு டயல் செய்யும். மறுமுனையில் குரல் கேட்டதும், இன்ன வீடு, உதவி வேண்டும் என்று பதிவு செய்த டேப்பை ஓட்டிவிட்டு வைத்துவிடும். பேச்சு பெட்டியின் ஸ்பீக்கரிலும் கேட்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ். ஒருதடவை நான் டெஸ்ட் செய்தபோது, நிஜமென்று நினைத்து ஆபீஸிலிருந்து பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார்கள். தெருவே கம்போடு கூடிவிட்டது. முதலாளி அண்ணாச்சி என்னைக் காய்ச்சி எடுத்தார்.

"ஏலே, மானத்த வாங்காத. டெஸ்ட் பண்ணும்போது டயலர் வயரக் கழத்திப் போட்டுரு. பச்ச லைட் எரிஞ்சா போதும்."

அதுவே வழக்கமாகிவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு வீடு, சைக்கிள் மிதித்துக் கால் கடுக்கும். வயரைக் கழற்றுவேன், பச்சை லைட்டைப் பார்ப்பேன், வயரை மாட்டுவேன், கார்டில் "டயலர் சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

2. பெண் குரல்

எக்ஸ்சேஞ்சை மாற்றினார்கள். எங்கள் ஐந்து இலக்க நம்பர் ஆறு இலக்கமானது. போர்டை மாற்றி எழுதினோம், புது லெட்டர் பேடு அடித்தோம். வீடுகளில் தொங்கும் பெட்டிகளுக்குள் பழைய நம்பர் இருக்கிறதே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், அவர் மனைவி கோமதியம்மாள். அமெரிக்காவில் இருந்த மகன் சொல்லி மாட்டிய அலாரம். குளியலறை வாசலில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அவசரப் பட்டன் வைத்துக் கொடுத்திருந்தேன். சைரன் ஊரைக் கூட்டும் என்று அம்மா பயந்ததால் அந்தப் பட்டனுக்கு டயல் மட்டும்தான்.

ஒருநாள் வாத்தியார் சார் களக்காட்டில் ஒரு சாவுக்குத் துஷ்டி கேட்கப் போயிருந்தார். அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஊர்ந்து போய்ப் பட்டனை அழுத்தியிருக்கிறார். சார் வந்து கதவைத் திறக்கும்வரை நாலு மணி நேரம் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அண்ணாச்சி என்னைத்தான் அனுப்பினார். சார் சர்வீஸ் கார்டை எடுத்து நீட்டினார். நம்பர் மாறிய பிறகு நான் போட்ட கையெழுத்து.

"சரின்னு எழுதியிருக்கீரே வே. ஒரு தடவ அடிச்சுப் பாத்தீரா?"

"இல்ல சார்."

கட்டிலிலிருந்து அம்மா பேசினார். "அந்தத் தம்பிய வையாதீங்க. பெட்டி அடிச்சுது. ஒரு பொம்பளப் பிள்ள எடுத்துப் பேசுன சத்தம் கேட்டுது. என்ன சொல்லுதுன்னுதான் வெளங்கல. சரி, ஆளு வந்துரும்னு பேசாமக் கெடந்தேன். இல்லன்னா கத்தியிருப்பேன்லா? பக்கத்து வீட்டுக்காரங்க அங்கனதான இருந்தாங்க."

அது பெண் பிள்ளை இல்லை. நம்பர் மாறிவிட்டது என்று சொல்லும் எக்ஸ்சேஞ்சின் பதிவுக் குரல். அதை ஆள் என்று நினைத்து எங்கள் பெட்டி தன் டேப்பை ஓட்டிவிட்டு வைத்துவிட்டது. அம்மாவும் அப்படித்தான் நம்பிக் கிடந்திருக்கிறார். மறைக்க மனம் வராமல் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதன்பின் வீடு வீடாக ஏறி நம்பர் மாற்றினேன். எல்லா வாசலிலும் ஏச்சு. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் படுக்கையில் இருந்தார். பெட்டியில் நம்பரை மாற்றிவிட்டு, இந்தத் தடவை வயரைக் கழற்றாமல் பட்டனை அழுத்தினேன். ஆபீஸில் கிளார்க் பெண் எடுத்தாள்.

"யாரு எடுத்தா?" என்றார் அம்மா.

"நம்ம ஆபீஸ் பிள்ளதாம்மா."

"போனத் தாங்க தம்பி."

ரிசீவரை வாங்கி, "சாப்ட்டியா பிள்ள? என்ன கொழம்பு?" என்று கேட்டார். பதிலை முழுக்கக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார்.

"புளிக்கொழம்பாம். ஆளுதான். இப்பம் எழுதுங்க."

அவர் மறுபடி தானாக நடக்கவே இல்லை. ரிட்டயர் ஆகும்வரை, மறுமுனையில் எடுப்பவரிடம் என்ன குழம்பு என்று கேட்காமல் எந்தக் கார்டிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.